வாசகர் கேள்வி–பதில்: எளிதில் கவிழாத கயாக் எது?

கேள்வி: முட்டுக்காடு உப்பங்கழியில் வாடகைக் கயாக்கில் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) பழகிவருகிறேன். சொந்தமாக வாங்க விரும்புகிறேன். எளிதில் கவிழாத ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– கேளம்பாக்கம் வாசகர்

பதில்: கவிழவே கவிழாத கயாக் எதுவும் கிடையாது; விற்பவர் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். முதலில் அகலத்தைப் பாருங்கள். அமைதியான நீருக்கு, ஏறத்தாழ 75 முதல் 85 செ.மீ. அகலமும் 3 மீட்டரை ஒட்டிய நீளமும் உள்ள, மேலே அமர்ந்து ஓட்டும் வகையே புதியவருக்கு ஏற்றது. கட்டுமரத்தைப் போலவே இதிலும் நீர் தேங்குவதில்லை. தளத்திலுள்ள துளைகள் வழியே வடிந்துவிடுவதால், கவிழ்ந்தாலும் நிமிர்த்திப்போட்டு, பக்கவாட்டிலிருந்து வயிறு படியத் தவழ்ந்து மீண்டும் ஏறிவிடலாம்.

தட்டையான அடிப்பாகம் உட்கார்ந்தவுடன் ஆடாமல் நிற்கும். ஆனால் அலையடிக்கும் இடத்தில் அலையின் சரிவோடு சேர்ந்தே சாயும். சற்று வளைந்த அடிப்பாகமோ, தொடக்கத்தில் ஆடினாலும், ஓரளவு சாய்ந்தபின் தாங்கிக்கொள்ளும். உப்பங்கழிக்குள் மட்டுமே ஓட்டுவதானால் தட்டையானதே போதும். உயரமான இருக்கை தூண்டில் போட வசதிதான், நிலைத்தன்மையைக் குறைத்துவிடும்.

இத்தகைய பாலிஎத்திலீன் கயாக்குகள் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், தனியாகத் தூக்கிக் காரின் மேல் ஏற்ற முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். உயிர்காப்பு அங்கிக்கான பணத்தை முதலில் எடுத்துவைத்துவிடுங்கள்.