சுருதி நடுங்குகிறதா? முதலில் கருவியைச் சந்தேகியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 22. சிறுவயது முதல் வயலின் வாசிக்கிறேன். இரண்டு காதுகளிலும் உள்காது சார்ந்த மிதமான கேட்புக்குறை இருப்பதாகக் கூறி, எட்டு மாதங்களுக்கு முன் காதுக்கருவி பொருத்தினார்கள். பேச்சு நன்றாகக் கேட்கிறது. ஆனால், சுருதிப்பெட்டியைப் போட்டால் நாதம் நடுங்குகிறது. வயலினை அழுத்தி வாசித்தால் கரகரக்கிறது. ஞாயிறுதோறும் 15 குழந்தைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறேன். தப்பான சுருதியைச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வகுப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். காது கேளாமல் போன பிறகும் இசையமைத்த பீத்தோவனின் கதையை இதற்குள் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். நான் உங்கள் கருவியைப் பற்றிச் சொல்கிறேன்.

காதுக்கருவி அடிப்படையில் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. அதிலிருந்து கசியும் ஒலி மறுபடி மைக்கில் நுழைந்தால் 'கீ' என்று விசிலடிக்கும். அதை அடக்க உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. அசையாமல் நீளும் ஸ்வரத்தையும் அது விசில் என்றே எண்ணிக் குலைக்கப் பார்க்கும். நடுக்கம் பெரும்பாலும் அதனால்தான். இரைச்சல் குறைப்பு ஏற்பாடோ, விடாமல் ஒலிக்கும் சுருதியை மின்விசிறிச் சத்தமாக நினைத்து அமுக்கும். கரகரப்புக்குக் காரணம் வேறு. சாதாரணப் பேச்சு 65 டெசிபல் அளவில் இருக்கும். காதருகே வாசிக்கும் வயலின் 90-ஐத் தாண்டக்கூடும். கருவி உள்வாங்கும்போதே தாங்காமல் ஒலியின் உச்சியை வெட்டிவிட்டால், பிறகு ஒலியளவைக் குறைத்தும் பயனில்லை.

ஆகவே காதுக்கருவியைப் பொருத்திச் சரிசெய்யும் கேட்பியல் நிபுணரிடம் (ஆடியாலஜிஸ்ட்) இசைக்கென்று தனி அமைப்பு கேளுங்கள். அதில் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் அணைத்தோ குறைத்தோ வைப்பார்கள். வயலினையும் சுருதிப்பெட்டியையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே வாசித்துச் சரிபாருங்கள். ஒரே ஸ்வரம் வலக்காதில் ஒரு விதமாகவும் இடக்காதில் சற்றுக் கூடியோ குறைந்தோ கேட்டால் அதையும் சொல்லுங்கள். அது பெரும்பாலும் உள்காதின் கோளாறாக இருக்கும். அப்படியிருந்தால் வகுப்பில் சுருதியைத் திரையில் காட்டும் டியூனரைப் பார்த்துச் சுருதி சேருங்கள். அதில் வெட்கம் எதற்கு?

இந்த வயதில் இரு காதுகளும் ஏன் குறைந்தன என்பதையும் காது மூக்கு தொண்டை மருத்துவர் தேட வேண்டும். வயலின் மட்டுமே காரணமென்றால் பொதுவாக இடக்காதுதான் கூடுதலாகப் பாதிக்கப்படும். பரம்பரை, முன்பு எடுத்த மருந்துகள், எல்லாவற்றையும் விசாரிக்கச் சொல்லுங்கள். திடீரென்று கேட்பது குறைந்தாலே, அதிலும் கூடவே தலைச்சுற்றலும் வந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள். 'ஞாயிறு வகுப்பு முடியட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

எனக்குக் கவலை தருவது, 15 வயலின்கள் ஓர் அறையில் ஒன்றாக ஒலிப்பதுதான். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரே மணி நேரம். குழந்தைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, இடையில் காதுக்கு ஓய்வு கொடுங்கள். அவர்கள் காதுகளுக்கும் அது நல்லது. உங்களுக்குக் கேட்பது குறைவு என்பதை அவர்களிடமே சொல்லிவிடுங்கள். ஒருவர் பின் ஒருவராக, முகம் பார்த்துப் பேசக் குழந்தைகள் ஒரே வாரத்தில் பழகிவிடுவார்கள். பெற்றோர்களுக்குத்தான் இரண்டு வாரம் ஆகும்.