சோதிப்பவர் வேறு இனத்தவர் என்றால் பிள்ளையின் ஐக்யூ குறையுமா?

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்துப் பிள்ளையை வெளியூர் உளவியலாளர் சோதித்தால் ஐக்யூ (நுண்ணறிவு எண்) குறைந்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இனம் மட்டுமே காரணமாகக் குறைவது அரிது. அமெரிக்காவில் வெள்ளையர் சோதித்தால் கறுப்பினப் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்று நெடுநாள் நம்பினார்கள். ஆய்வாளர்கள் சாட்லரும் க்வின்னும் 1982இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

உண்மையில் பாதிப்பது, முன்பின் தெரியாத ஆள் என்பதுதான். ஆய்வாளர்களான ஃபுக்ஸ் இணையர் 1986இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பழகியவர் சோதித்தபோது சராசரியாக 0.28 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), அதாவது ஐக்யூவில் சுமார் 4 புள்ளி கூடியது. ஏழைப் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். அறிவுத்திறன் குறைபாட்டுக்கு எல்லையாகக் கொள்ளும் 70ஐ ஒட்டி நிற்கும் பிள்ளைக்கு இந்த 4 புள்ளி குறைபாட்டுச் சான்றிதழையே மாற்றிவிடக்கூடும்.

நம் மாவட்டத்தில் பேச்சு வழக்கும் சேர்ந்துகொள்கிறது. 'சக்கை' இங்கே பலாப்பழம்; வெளியூர்க்காரருக்குச் சாறு பிழிந்த மிச்சம். 'குடிக்க வெள்ளம்' என்று பிள்ளை சொன்னால் அவர் ஆற்று வெள்ளத்தை நினைப்பார். சொற்பொருள் பகுதியில் சரியான விடைக்குச் சுழியம் விழுவது இப்படித்தான். கட்டைகளை அடுக்கும் பகுதியில் இந்தச் சிக்கல் குறைவு. அதனால் மொழிப் பகுதி மட்டும் தனியாகச் சரிந்திருந்தால் மொத்த எண்ணை நம்பாதீர்கள்.

சோதனைக்கு முன் கால் மணி நேரமாவது பிள்ளையோடு விளையாடச் சொல்லுங்கள். விடைகளைப் பிள்ளை சொன்னபடியே எழுதி, புரியாத சொல்லுக்கு 'இன்னும் கொஞ்சம் சொல்லு' என்று மட்டும் கேட்க வேண்டும். கேள்வியை இஷ்டத்துக்கு மாற்றிக் கேட்டால் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் அட்டவணை பொருந்தாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விடை எடுத்துக்கொடுப்பதும் அதே கெடுதல்தான்.