பெண்கள்தான் இப்போது அதிகம் படிக்கிறார்களே, இன்னும் என்ன பாகுபாடு?

கேள்வி: கேரளா, தமிழ்நாடு இரண்டிலும் பொதுத்தேர்வில் மாணவிகள்தான் முன்னால் நிற்கிறார்கள். கல்லூரியிலும் அவர்கள்தான் அதிகம். இதற்கு மேலும் ‘கல்வியில் ஆண் பெண் ஏற்றத்தாழ்வு’ என்று பேசுவது பழைய பாட்டு இல்லையா?

பதில்:

கேள்வியில் சொல்லியிருக்கும் கணக்கு சரிதான். தமிழ்நாட்டில் 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதம் தேர்ச்சி, மாணவர்கள் 92.37. கேரளத்தில் 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 49 சதவீதம், ஆண்களுக்கு 34 சொச்சம். இதில் சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் நான் தினமும் உட்காரும் நாற்காலியிலிருந்து பார்த்தால் இந்த எண்களுக்குப் பின்னால் இன்னொன்று தெரிகிறது. அதைச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம், கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சி. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம். வேலை அக்ஷயா மையத்தில். தமிழ்நாட்டில் இ-சேவை மையம் என்பீர்களே, கிட்டத்தட்ட அதுதான். பதினைந்து வருடமாக இங்கே விண்ணப்பம் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வருமானச் சான்று, நில வரி, பென்ஷன் மஸ்டரிங் (பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதைப் பதிவது) எல்லாம் வருடம் முழுக்க வரும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பிளஸ் ஒன் விண்ணப்பம் தொடங்கிவிடும். ஒரு பத்து நாள் மூச்சுவிட நேரமிருக்காது. கேரளத்தில் அரசு, எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளிகளின் பிளஸ் ஒன் சேர்க்கை ஒற்றைச் சாளர முறை. மாவட்டத்தில் எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று ஓப்ஷன் வரிசையாகக் கொடுக்க வேண்டும். பத்து கொடுக்கலாம், முப்பதும் கொடுக்கலாம். சொந்தப் பஞ்சாயத்து, சொந்தத் தாலுகா என்றால் போனஸ் புள்ளி உண்டு. மார்க்கையும் அந்தப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் இடம் ஒதுக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் ஓப்ஷனே கிடைத்துவிட்டால் அங்கே நிரந்தரமாகச் சேர்ந்தே தீர வேண்டும். சேராவிட்டால் அடுத்த அலாட்மென்ட்டில் பெயர் வராது. இரண்டாவதோ ஐந்தாவதோ கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்துகொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம். அதனால் முதல் வரியில் எதைப் போடுகிறோம் என்பதுதான் எல்லாம்.

பையனைக் கூட்டி வரும் அப்பாக்கள் சித்தூர், பாலக்காடு டவுன், ஆலத்தூர், ஒற்றப்பாலம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ‘எங்கியோ ஒரு இடத்துல சயன்ஸ் கெடச்சா போதும்’ என்பார்கள். பெண் என்றால் மூன்று, நான்கு ஓப்ஷனோடு நின்றுவிடும். எல்லாமே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகும் பள்ளிகள். எங்கள் ஊரில் ஏற்றத்தாழ்வை அளக்க மார்க் லிஸ்ட் உதவாது, கிலோமீட்டர் கணக்குத்தான் வேண்டும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒருவர் மகளோடு வந்தார். தென்னையில் கள் இறக்குபவர். சித்தூர் பக்கம் அந்தத் தொழில் அதிகம். மகள் தமிழ் மீடியம், எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். சான்றிதழ்களை ஜவுளிக்கடைக் கவரில் போட்டு, மழைக்கு நனையாமல் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். அதே மனிதர் அதற்கு இரண்டு வருடம் முன்பு மகனுக்கு இதே மேசையில் பத்தொன்பது ஓப்ஷன் கொடுத்தவர். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவனுக்கு பி பிளஸ்தான் அதிகம்.

“அம்மிணி, பக்கத்து ஸ்கூல்ல ஹியூமானிட்டீஸ் இருக்குதல்லங். அத மொதல்ல போட்டுருங்” என்றார். வரலாறு, பொருளாதாரம் மாதிரிப் பாடங்கள் உள்ள பிரிவு அது.

“ஏனுங்ணா, புள்ள பயோ மேத்ஸ் கேக்குதே. சித்தூர்ல போட்டா இந்த மார்க்குக்குக் கட்டாயம் கெடைக்கும்.”

“கெடைக்கும்ங். வர்றதுக்கு ஆறரை ஆயிருமே. பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வர்ற வழி ரப்பர்த் தோட்டம்.”

அவர் டீ குடிக்க வெளியே போனதும் அந்தப் பெண் ஸ்கிரீனைக் காட்டி, “அக்கா, சித்தூர மொதல்ல போட்டுருங்கக்கா, அவருக்குத் தெரியாது” என்றாள். தெரியாதுதான். அப்பாவின் போன் மேசைமேலேயே இருந்தது, ஓடிபி வருவதும் அதில்தான். ஒரு நிமிடத்து வேலை.

நான் செய்யவில்லை. நாளைக்குத் தெரிந்தால் அவளைப் பள்ளிக்கே அனுப்பாமல் விட்டால் என்ன செய்வது என்று பயம். ஒளிக்காமல் சொல்கிறேன், என் சென்டருக்குக் கெட்ட பெயர் வருமே என்ற பயமும் சேர்ந்துதான். அவர் வந்ததும் மறுபடி உட்கார வைத்து, முதல் ஓப்ஷன் என்றால் பூட்டுப் போட்ட மாதிரி என்று விளக்கினேன். சித்தூரை இரண்டாவதாகப் போட ஒத்துக்கொண்டார். இரண்டாவதாகப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். அவள் மார்க்குக்கு முதலாவது கிடைக்காமல் எப்படிப் போகும்? முதல் அலாட்மென்ட்டிலேயே கிடைத்தது.

ஏ பிளஸ் வாங்கியதே அவளுக்கு எதிராகப் போன கதை இது. கணக்கெடுப்பில் அவள் ‘தேர்ச்சி’, ‘சேர்க்கை’ என்ற இரண்டு கட்டத்திலும் வருவாள். அந்த எண்ணைத்தான் நீங்கள் கேள்வியில் காட்டுகிறீர்கள்.

என் கதையும் ஏறக்குறைய இதேதான். 1998இல் பத்தாம் வகுப்பு. அப்போது இங்கே பிளஸ் டூ முழுசாக வரவில்லை, அதற்கு ஈடாகக் காலேஜில்தான் பிரீடிகிரி. 600க்கு நான் 431. எனக்கு முன்பு அண்ணன் 367 வாங்கி, பாலக்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். நான் செகண்ட் குரூப் கேட்டேன், அதாவது உயிரியல். அப்பா கெட்டவர் இல்லை. சந்தைக்குப் போனால் எனக்கு என்று பழைய புத்தகம் வாங்கி வருகிறவர். “லேப் முடிஞ்சு வர்றதுக்குள்ள இருட்டிருங் கண்ணு” என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். அதோடு சரி. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். லோயர், ஹையர் முடித்து, பிறகு தபாலில் பி.ஏ. இன்றைக்கு என் விரல் கீபோர்டில் இப்படி ஓடுகிறது என்றால் அந்த இருட்டின் புண்ணியம்.

இதில் ஒரு கிண்டல் இருக்கிறது. மேரி புன்னன் லூக்கோஸ் என்று ஒரு டாக்டர். 1886இல் பிறந்தவர். பெண் என்பதால் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் அறிவியல் பாடம் தர மாட்டோம் என்றார்கள். வரலாறு எடுத்து பி.ஏ. முடித்து, லண்டன் போய் எம்.பி.பி.எஸ். படித்து வந்து, பின்னாளில் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல், அதாவது அரசு மருத்துவத் துறையின் தலைவர் ஆனார். அன்றைக்குக் கதவை அடைத்தது காலேஜ். இன்றைக்குக் காலேஜ் கதவு அகலத் திறந்திருக்கிறது, வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடுகிறது. லண்டன் அனுப்பும் வசதி உள்ள அப்பா எத்தனை பேருக்கு?

‘கேரளாவில் எல்லாம் சமம்’ என்று பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கேரளத்தில் எழுத்தறிவு ஆண்களுக்கு 96.1, பெண்களுக்கு 92.1 சதவீதம், தமிழ்நாட்டில் 86.8, 73.4. நான்கு புள்ளி இடைவெளி எங்கே, பதின்மூன்று எங்கே. 1817லேயே ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று உத்தரவு போட்டார் என்பார்கள். அது திருவிதாங்கூர். எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. கேரளா என்றால் ஒரே துணி என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

எல்லையில் இருப்பதால் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில். மாமன் மகள் பொள்ளாச்சியில் படித்தாள், அவளுக்கு வருகிறது. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து அதே கல்லூரியில் அதே வகுப்பில் சேர்ந்த பெண்ணுக்கு வராது, படித்தது கேரளப் பள்ளி. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். மாமா ஒரு தடவை “காலேஜ் போதும், நின்னுக்க” என்று ஆரம்பித்தபோது அத்தை, “மாசாமாசம் ஆயிரம் வருதல்ல, அதையும் கெடுத்துக்கறதா?” என்றாராம். அதோடு பேச்சு நின்றது. இங்கே ஒரு பெண் நிறுத்தப்படும்போது அத்தை மாதிரி எடுத்துச் சொல்ல எங்களிடம் ஒரு கணக்கு இல்லை. 2024இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை வந்துவிட்டது, அதுவும் நல்லதுதான்.

தமிழ் மீடியம் என்றதும் இன்னொன்று. கொஞ்சம் காசு சேர்ந்த வீடுகளில் பையனை வேன் ஏற்றி இங்கிலீஷ் மீடியம் அனுப்புவார்கள், பெண் நடந்து போய் அரசுத் தமிழ் மீடியத்தில் படிப்பாள். நான் தமிழ் மீடியத்துக்கு எதிரி இல்லை, நானும் அதில்தான் படித்தேன். ஆனால் பிளஸ் ஒன் போனதும் பாடமெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ். திடீரென்று அந்தச் சுவரில் முட்டுவது யார் என்று யோசியுங்கள்.

சரி, பையன்கள் ஏன் குறைகிறார்கள்? இதையும் பேசாவிட்டால் பாதிதான் பேசியதாக ஆகும். பிளஸ் டூ முடித்ததும் எங்கள் பக்கத்துப் பையனுக்கு லாரி இருக்கிறது, தேங்காய் மண்டி இருக்கிறது, கோயம்புத்தூரில் டெலிவரி வேலை இருக்கிறது. கையில் உடனே காசு. வீட்டிலும் ‘சம்பாதிக்கிறான்’ என்று பெருமை. இருபத்தெட்டு வயதில் முதுகு வலியோடு வந்து, விட்டுப்போன டிகிரியை எப்படி முடிப்பது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. பெண்ணுக்கு அந்த வழி இல்லை. படிப்பை நிறுத்தினால் அடுத்தது ஜாதகம். ஆகவே பி.ஏ. முடிந்தால் எம்.ஏ., அது முடிந்தால் பி.எட். என்று நீட்டிக்கொண்டே போகிறார்கள். வீட்டைவிட்டுத் தினமும் வெளியே வர ஊர் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் படிப்பு. கேரளத்தின் அந்த 49இல் இப்படி நேரத்தை வாங்கிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது என் அனுமானம். அந்தச் சான்றிதழ்களில் நிறைய பீரோவுக்குள் போவதைப் பார்க்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு முகவரி மாற்ற வரும்போது, ‘தொழில்’ என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டால் எம்.எஸ்ஸி. படித்தவள் ‘வீட்லதான்க்கா’ என்பாள்.

நல்ல மாற்றமே இல்லையா என்றால், இருக்கிறது. 2024இல் கேரள அரசு கொண்டுவந்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அடுக்களையில் அப்பா உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் இருக்கிறது. எங்கள் ஊரில் மரம் ஏறித் தேங்காய் போடுவது ஆண், துருவுவது பெண் என்பது சட்டம் மாதிரி. என் தம்பி மகன் அந்தப் படத்தை அவன் அப்பாவிடம் காட்டி, “நீங்க எப்பப்பா?” என்று கேட்டான். தம்பி புத்தகத்தை மூடிவைத்துவிட்டான். ஐ.ஐ.டி.களில் 2018 முதல் பெண்களுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கி, 2020க்குள் அவர்கள் பங்கை 20 சதவீதம் ஆக்கினார்கள். அதற்கு மனு போட என்னிடம் இதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை, இரண்டு பையன்கள் வந்தார்கள்.

அந்தக் கள் இறக்குபவர் அந்த வருடம் ஆகஸ்டில் மறுபடி வந்தார். சேர்ந்த பிறகும் பள்ளியோ பிரிவோ மாற்றிக்கொள்ள ஒரு டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் விடுவார்கள், அதை நான் அன்றைக்கே சொல்லியிருந்தேன். மகள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாளாம். “என்னமோ மாத்தறதுன்னீங்களே அம்மிணி, அதப் பாருங்” என்றார். காலியிடப் பட்டியலைத் திறந்து காட்டினேன். சித்தூரில் பயோ மேத்ஸ் ஓர் இடம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சித்தூரிலிருந்து சாயங்காலம் எத்தனை மணிக்கெல்லாம் பஸ் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பழைய ரசீது ஒன்றின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டார்.

“சின்னவ எட்டாவதுங்” என்றார்.