ஃப்ளோ சென்சர் கணக்கு ஏன் தப்புகிறது?

கேள்வி: போர்வெல்லிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் 1 அங்குலக் குழாயில் ஃப்ளோ சென்சர் (ஓடும் நீரை அளக்கும் கருவி) மாட்டினோம். லிட்டர் கணக்கு தாறுமாறாக வருகிறதே? – வாசகர், காட்பாடி

பதில்: எல்போவை ஒட்டி மாட்டியிருப்பீர்கள், பெரும்பாலும் அதுதான் கோளாறு. வளைவில் சுழன்று வரும் தண்ணீர் உள்ளிருக்கும் சக்கரத்தைச் சீராகச் சுற்ற விடாது. சென்சருக்கு முன் 10, பின் 5 அங்குலம் நேர்க்குழாய் வேண்டும். தண்ணீர் மேலேறும் செங்குத்துக் குழாய் என்றால் இன்னும் நல்லது, காற்று தங்காது. காற்றும் சக்கரத்தைச் சுற்றிக் கணக்கில் ஏறிவிடும்! அம்புக்குறி நீரோட்டத் திசையில் இருக்கட்டும். போர் மணலைத் தடுக்க, சென்சருக்கு முன்னால் ஒரு வடிகட்டி. உப்புப் படிந்தால் கழற்றிக் கழுவ இருபுறமும் யூனியன் இணைப்பு. பிளாஸ்டிக் மரையை ஸ்பேனரால் முறுக்கினால் விரிசல் விடும். பிறகு 20 லிட்டர் கேனை மூன்று முறை நிரப்பி, சக்கரம் சுற்றச் சுற்ற சென்சர் அனுப்பும் மின்துடிப்புகளின் மொத்தத்தை 60-ஆல் வகுத்து, லிட்டருக்கு இத்தனை துடிப்பு என வரும் எண்ணை, சென்சரைப் படிக்கும் புரோகிராமில் இடுங்கள். அரை அங்குல ஒய்எஃப்-எஸ்201 சென்சருக்குச் சொல்லப்படும் 450 இதற்குப் பொருந்தாது.