மெயின் ஸ்விட்ச் உள்ளவர்கள்

கேள்வி: மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஃப்ரிட்ஜில் மாவு புளித்து, போன் செத்து, மாடிக்கு வாளியில் தண்ணீர் சுமந்தபோதுதான் உலகில் கோடிக்கணக்கானவர்கள் தினமும் படும் பாடு புரிந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரும் மெயின் ஸ்விட்ச்சை அணைத்து வைத்தால் ஏற்றத்தாழ்வு பற்றிய விழிப்புணர்வு பெருகுமே?
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: பெருகும் அம்மா. கொசுவும் பெருகும்.

ஒரு மணி நேரத்துக்கு இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2007-ல் சிட்னியில் ஆரம்பித்த 'எர்த் ஹவர்'. இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை. அது பூமிக்காக, ஏழைகளுக்காக அல்ல. மெழுகுவத்தி என்னவோ ஒன்றுதான். இதைத் திட்டி இந்தப் பக்கத்தில் முன்பே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்பிலும் ஒரு வருஷம் கொண்டாடினார்கள். இருட்டின் மகிமையைப் பேச ஒரு பிரமுகர் வந்தார். பேச மைக் வேண்டும், மைக்குக் கரண்ட் வேண்டும், ஜெனரேட்டரைப் போட்டார்கள். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் தோட்ட விளக்கையும் போட்டுவிட்டார். செயலாளர் ஓடிப்போய் அணைத்தார். ஜெனரேட்டர் இரைச்சலில் பேச்சு ஒருவர் காதிலும் விழவில்லை. டீசல் செலவு பராமரிப்புக் கணக்கில் ஏறியது. ஏன் என்று கேட்டேன். செயலாளர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அணைப்பதற்கு முதலில் மெயின் ஸ்விட்ச் வேண்டும். 2012 ஜூலை 31 மத்தியானம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மொத்தமாகப் படுத்தன. (தென்தொகுப்பு அப்போது அவற்றோடு முழுதாக இணையவில்லை, நாம் தனியாக வேறொரு மின்வெட்டில் வெந்துகொண்டிருந்தோம்.) 60 கோடிப் பேருக்கு மின்சாரம் போச்சு என்று உலகப் பத்திரிகைகள் அலறின. பாதிக்கப்பட்ட மாநிலங்களில் பிகாரும் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கே நூற்றுக்கு 82 வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு. இல்லாத கரண்ட் போய்விட்டதாக அவர்களையும் கூட்டலில் சேர்த்துவிட்டார்கள்! முந்தின நாள் ராத்திரியும் அதற்கு முந்தின நாள் ராத்திரியும் அதே இருட்டில்தான் இருந்தார்கள். அப்போது ஒரு நிருபரையும் காணோம்.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. கடைகளில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு அடிதடி. மறுநாள் காலைக்குள் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் மின்சாரம் வந்துவிட்டது. மட்ரிட் நகரத்தின் ஓரத்தில் கன்யாதா ரியால் என்று ஒரு குடிசைப் பகுதி. அதில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு 2020 அக்டோபரிலேயே மின்சாரம் போய்விட்டது. மறுநாள் காலையில் அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

உங்கள் மூன்று நாள் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் வாளி தூக்கும்போது, நாளையோ மறுநாளோ மோட்டார் ஓடிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாமல் தூக்குகிறவர்களைப் பார்க்க ஆப்பிரிக்கா வரை போகவேண்டாம். பெரும்பாக்கம் உங்களுக்குப் பக்கம்தானே? கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன குடும்பங்களை அங்கே எட்டடுக்குக் கட்டடங்களில் வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் நின்றால் குடம் படியேறித்தான் போகும். மிக்ஜாமுக்குப் பிறகு லிஃப்ட் என்றைக்கு ஓடியது என்று மேல்மாடிக்காரர்களிடம் விசாரித்து எழுதுங்கள், முழுப்பக்கம் தருகிறேன். கவிதையாக மட்டும் வேண்டாம்.