கண்ணுக்குக் கீழே போட்ட ஃபில்லர்: ஒரு வருடம் தாண்டியும் வீக்கம் வடியவில்லை, காத்திருக்கலாமா?

கண்ணுக்குக் கீழ் பள்ளத்தை நிரப்ப ஊசியில் ஏற்றும் ஃபில்லரை, சில மாதத்தில் கரைந்துவிடும் என்று சொல்லிப் போட்டார்கள், இன்னும் காலையில் கண் வீங்குகிறது, நீலம் பாய்ந்த மாதிரியும் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பினாங்கில் போட்டுக்கொண்டு இதையே அனுபவித்தவள். காத்திருந்தால் சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரும்பாலான ஃபில்லர் ஹயலுரோனிக் அமில ஜெல். அதன் குணமே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வது. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முகத்தில் நீர் தேங்குவதால் காலையில் மோசமாகத் தெரியும். முந்தின இரவு நாசி கண்டார் சோற்றில் உப்பான குழம்பை 'பஞ்சிர்', அதாவது வெள்ளமாக, ஊற்றிச் சாப்பிட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். கண்ணுக்குக் கீழே தோல் மிக மெல்லியது. அதனால் ஜெல் மேலாக இருந்தால் வெளிச்சம் சிதறி நீலமாகக் காட்டும். இதற்கு டிண்டால் விளைவு என்று பெயர். குளியலறை விளக்கில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஜன்னலோரம் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் மூக்கோரத்திலிருந்து ஒரு நீலக்கோடு ஓடும். கன்சீலர் பூசினால் அது சாம்பல் நிறமாக மாறும், அவ்வளவுதான். பல வருடம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் ஃபில்லர் தெரிந்ததுண்டு. சில மாதக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.

முதலில் கிளினிக்கில் உங்கள் பதிவைக் கேட்டு வாங்குங்கள். மருந்துப் பெட்டி ஸ்டிக்கரில் பிராண்ட் பெயரும் லாட் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) இருக்கும். ஹயலுரோனிக் அமிலம் என்றால் ஹயலுரோனிடேஸ் என்ற என்சைம் ஊசி போட்டுக் கரைக்கலாம். கால்சியம் வகையோ, உங்கள் சொந்தக் கொழுப்போ என்றால் அந்த ஊசி வேலை செய்யாது. தேனீ, குளவி கொட்டி அலர்ஜி வந்திருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அவற்றின் விஷத்திலும் இதே வகை என்சைம் இருக்கிறது. கரைத்த பிறகு ஓரிரு நாள் இன்னும் வீங்கும், அப்புறம் கொஞ்சம் குழி விழுந்தாற்போல் தெரியும். அதைப் பார்த்துப் பதறி உடனே மறுபடி நிரப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரமாவது பொறுத்துப் பாருங்கள். சிலருக்கு இன்னொரு முறையும் கரைக்க வேண்டியிருக்கும்.

"பக்கத்தில் இன்னும் கொஞ்சம் போட்டால் சமமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அழகு நிலையத்திலோ, வீட்டுக்கு வந்து ஊசி போடுபவரிடமோ இதைச் சரிசெய்யக் கொடுக்காதீர்கள். மலேசியாவில், அழகு சிகிச்சை செய்ய அனுமதிக்கும் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று பெற்ற டாக்டர்தான் இதைச் செய்யலாம். சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

திடீரென்று சிவந்து, சூடாகி, வலித்தால் தொற்றாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி போட்டதும் பார்வை மங்கினாலோ, தோல் வெளுத்தாலோ நேராக மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, நம் நிறத்துக்குக் கருவளையம் பல நேரம் நிறமியால் வருவது. ஃபில்லர் பள்ளத்தைத்தான் நிரப்பும், நிறத்தை மாற்றாது. எனக்கு எல்லாம் கரைத்த பிறகும் கருமை அப்படியேதான் இருக்கிறது. அதற்கு இப்போது தோல் டாக்டர் சொன்னபடி சன்ஸ்கிரீன் மட்டும் போடுகிறேன்.