பிரிட்ஜைக் கழற்றும் முன் நெக்கைப் பாருங்கள்

கேள்வி: பழைய இடதுகை பேஸ் கிதார் ஒன்று வாங்கினேன், நாலு கம்பி. மேலே போய் வாசித்தால் ஜி கம்பி விரல் வைக்கும் பலகையின் விளிம்பைத் தாண்டி நழுவுகிறது. பிரிட்ஜ் (கிதார் உடலில் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) விலகியிருக்கிறது என்கிறார்கள். கழற்றி நகர்த்திப் பொருத்தலாமா?

வேண்டாம், இப்போதைக்கு ஸ்க்ரூடிரைவர் பிரிட்ஜ் பக்கம் போகவே வேண்டாம். ஸ்க்ரூ வைத்துப் பிடித்த நெக் (பலகை இருக்கும் நீண்ட கழுத்து) என்றால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான். எங்கேயாவது இடித்தால் போதும், இம்மியளவு திரும்பிவிடும்.

கடைசி ஃப்ரெட்டில் (பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் உடலுக்கு அருகிலுள்ளது) இரண்டு ஓரக் கம்பிகளுக்கும், அதாவது மெல்லிய ஜிக்கும் தடித்த ஈக்கும், பலகை விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஜி பக்கம் 2 மி.மீ., ஈ பக்கம் 4 மி.மீ. என்று வந்தால் கம்பிகள் ஜி பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, நெக் ஸ்க்ரூ நான்கையும் கால் சுற்று மட்டும் இளக்குங்கள். அப்புறம் தலைப்பகுதியை ஈ பக்கமாக மெல்ல இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு முடுக்குங்கள். நீங்கள் மாட்டி நிற்கும்போது அது மேல் பக்கம். வீடியோக்களில் 'இடம், வலம்' என்று சொல்வது வலதுகைக்காரர்களுக்கு, உங்களுக்குத் தலைகீழ். ஈ பக்கம், ஜி பக்கம் என்றே மனதில் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

நெக்கில் அதற்கு மேல் அசைவில்லை, இடைவெளியும் சரியாகவில்லை என்றால் மட்டும் பிரிட்ஜ். பழைய துளைகளில் கெட்டி மரக்குச்சியைப் பசையோடு இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, புதிதாகத் துளையிட வேண்டும். பழைய துளையை அடைக்காமல் அதை ஒட்டியே துளைத்தால் ஸ்க்ரூ பிடிக்காது. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு எர்த் ஒயர் வரும். அது உலோகத்தைத் தொடாவிட்டால் ஆம்ப்பில் இரைச்சல் கிளம்பும், மறந்துவிடாதீர்கள்.

நெக்கோ பிரிட்ஜோ, எதை நகர்த்தினாலும் சுருதியை மறுபடி பார்த்தாக வேண்டும். வழக்கமான 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து (தலைப்பகுதி ஓரம் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள சிறு கட்டை) 12ஆம் ஃப்ரெட் 17 அங்குலம். அங்கிருந்து ஜி சேடில் (பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சிறு துண்டு) 17க்குச் சற்றே கூடுதலாக இருக்கும். ஈ சேடில் இன்னும் பின்னால், அதாவது நெக்கை விட்டு இன்னும் தள்ளி. அதை ட்யூனரில் முடியுங்கள்: 12இல் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுவது), பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசிப்பு. அழுத்தியது சுருதி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. பழைய கம்பியோடு இதைச் செய்வது வீண் வேலை, புதுசு போடுங்கள்.

இன்னொன்று. ஈ சேடிலை விட ஜி சேடில் பின்னால் தள்ளியிருக்கிறதா? அப்படியென்றால் யாரோ வலதுகை பேஸைத் திருப்பிக் கம்பி கட்டியிருக்கலாம். நட்டின் பள்ளங்களைப் பாருங்கள். ஈ கம்பி குறுகிய பள்ளத்தில் உட்காராமல் மேலே நின்றால், முதலில் மாற்ற வேண்டியது நட்.